கேள்வி இல்லாத ஹிஸ்டரி கிளாஸ்

ஹிஸ்டரின்னாலே வருஷத்த மனப்பாடம் பண்ற சப்ஜெக்ட்னு ஒரு பேர் ஆகிப்போச்சு, பழி முழுக்க அந்த வருஷங்க மேலதான் விழுது. எனக்கு அதுல உடன்பாடு கிடையாது. 1789, 1914 மாதிரி வருஷமே தெரியாம ஹிஸ்டரி பேச முடியாது, எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியாத பிள்ளைக்கு எது எதனால நடந்துச்சுன்னும் சொல்ல வராது. சிக்கல் எங்கன்னா, இதையெல்லாம் எதுக்கு தெரிஞ்சுக்கிறோம்னு கிளாஸ்ல யாருக்குமே தெரியறதில்ல, சில சமயம் பாடம் எடுக்கிறவங்களையும் சேர்த்துதான் சொல்றேன். "இன்னைக்கு பிரெஞ்சுப் புரட்சி"ன்னு போர்டுல எழுதுறோம். அது வெறும் தலைப்பு. தலைப்புக்குள்ள எது வேணாலும் அடங்கும், அதனால எதை விடணும்னு தெரியாம எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே போறோம், பெல் அடிச்சிடுது.

அதே பாடத்துக்கு இப்படி ஒரு கேள்வி வெச்சுப் பாருங்க. 1789 மே 5-ம் தேதி வெர்சாய்ல குருமார், பிரபுக்கள், சாதாரண மக்கள்னு மூணு வகுப்புப் பிரதிநிதிகளும் கூடினப்போ ராஜாவே வேணாம்னு சொல்ற ஆளை விளக்கு போட்டுத்தான் தேடணும், எல்லாரும் ராஜா நல்லவரு, சுத்தி இருக்கிறவங்கதான் சரியில்லங்கிற மனநிலையில இருந்தாங்க, ஆனா 1793 ஜனவரி 21-ம் தேதி அதே ராஜாவோட தலையை நடு ஊர்ல வெச்சு வெட்டிட்டாங்க. நாலு வருஷம்கூட ஆகல. நடுவுல என்னதான் ஆச்சு?

இந்தக் கேள்வி வந்த உடனே பாதி பிளானிங் தானா முடிஞ்சிடுது. 1791 ஜூன்ல ராஜா வேஷம் மாத்திக்கிட்டு குடும்பத்தோட கிளம்பி வாரென்ங்கிற ஊர்ல மாட்டினது கட்டாயம் வேணும், போகும்போது புரட்சியை திட்டி ஒரு அறிக்கையை வேற எழுதி வெச்சுட்டுப் போனாரு, அது கிளாஸ்ல படிக்க அருமையான ஆவணம். 1792 ஏப்ரல்ல ஆரம்பிச்ச போர் வேணும், ஆகஸ்ட் 10 அன்னைக்கு அரண்மனைக்குள்ள கூட்டம் புகுந்தது வேணும். மெட்ரிக் அளவு முறை எப்படி வந்துச்சுங்கிறது வேணாம், புது காலண்டர் வேணாம், நெப்போலியன் அடுத்த பாடத்துக்கு வரட்டும். பாரிஸ்ல இருந்த பாஸ்டில் சிறைக்கோட்டையை மக்கள் பிடிச்சதை மட்டும் விட முடியாது, ஆனா அதுவே புரட்சி மொத்தமும்னு ஆக்காம இடத்துல வைக்கலாம், பிடிச்சப்போ உள்ள இருந்த கைதிங்க மொத்தம் 7 பேருதான். ஹிஸ்டரி பாடம் பிளான் பண்றதுல கஷ்டமான வேலை எதை சொல்றதுங்கிறது இல்ல, எதை விடுறதுங்கிறதுதான், அந்த வேலையை நமக்காக பண்ணிக் குடுக்கிறது ஒரு நல்ல கேள்விதான்.

எந்தக் கேள்வி நல்ல கேள்வி? நான் பாக்குறது ரெண்டு விஷயம். டெக்ஸ்ட் புக்ல இருக்கிற ஒரே பாராவை காப்பி பண்ணி பதில் எழுதிட முடியும்னா அது தேறாது. ரெண்டு பிள்ளைங்க வேற வேற பதிலுக்கு வந்து, ரெண்டு பேரும் ஆதாரத்தோட பேச முடியணும், முடியலன்னா அதுவும் தேறாது. "பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் யாவை" ரெண்டுலயும் ஃபெயில். "பிரெஞ்சுப் புரட்சி நல்லதா கெட்டதா"ங்கிறது வேற மாதிரி ஃபெயில், கிளாஸ்ல சத்தம் நல்லா வரும், டீச்சருக்கு கூட பாடம் களை கட்டின மாதிரி இருக்கும், ஆனா யாரும் எந்த ஆதாரத்தையும் தொட வேண்டிய தேவையே வராது.

கேள்வி கிடைச்சதும் அடுத்து பண்ண வேண்டியது, நாமளே உக்காந்து அதுக்கு ஒரு பக்கத்துல பதில் எழுதுறது. இது யாரும் சொல்லிக் குடுக்காத விஷயம், ஆனா ரொம்ப உதவும். எழுதும்போதுதான் எங்க நமக்கே தடுமாறுதுன்னு தெரியும், பிள்ளைங்களுக்கு என்னென்ன முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்னும் தெரியும். அப்புறம் அந்த பதிலை நாலு பீரியடா பின்னாடி இருந்து பிரிச்சுக்கலாம், கடைசி பீரியட்ல பிள்ளைங்க எழுதப் போறாங்க, அதுக்கு முந்தினதுல வாதாடப் போறாங்க, அதுக்கு முன்னாடி ஆவணங்களைப் பாக்கணும், அதுக்கும் முன்னாடி கதை தெரிஞ்சிருக்கணும். ஒவ்வொரு பீரியட் கடைசியிலயும் அதே பெரிய கேள்விக்கு திரும்பி வந்து "இன்னைக்கு தெரிஞ்சுக்கிட்டதுல உன் பதில் மாறுச்சா"ன்னு கேட்டா போதும், நாலு நாளும் கோர்வையா நிக்கும்.

ஆரம்பிக்கிறது எப்படின்னு நிறைய பேர் ரொம்ப மெனக்கெடுறாங்க, வீடியோ, ஸ்லைடுன்னு. ஒத்த வரி போதும் பல நேரத்துல. 1789 ஜூலை 14, பாரிஸ்ல பாஸ்டில் விழுந்த அன்னைக்கு பதினாறாம் லூயி தன் டைரியில எழுதினது "ஒண்ணுமில்ல"ன்னு மட்டும்தான். இதை போர்டுல எழுதிட்டு இந்த ஆளைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கேளுங்க, மக்கு, திமிர், நாட்டைப் பத்தி கவலையே இல்லன்னு வரிசையா வரும். அஞ்சு நிமிஷம் பேச விட்டுட்டு, அந்த டைரி பெரும்பாலும் அவரு வேட்டைக்குப் போன கணக்கு எழுதி வெச்ச நோட்டு, ஒண்ணுமில்லன்னா அன்னைக்கு வேட்டை இல்லன்னு அர்த்தம்னு சொல்லணும். கிளாஸ் ஒரு செகண்ட் அமைதி ஆகும் பாருங்க. ஒரு ஆவணம் எதுக்காக எழுதப்பட்டதுன்னு தெரியாம அதை வெச்சு தீர்ப்பு சொல்லக் கூடாதுங்கிற பாடத்தை இதுக்கு மேல எந்த லெக்சரும் சொல்லிக் குடுத்துட முடியாது.

லெக்சர்னு சொன்னதும் ஞாபகம் வருது, டீச்சர் நின்னு கதை சொல்றதே தப்புங்கிற மாதிரி ஒரு ஃபேஷன் கொஞ்ச நாளா ஓடுது. அதுல எனக்கு நம்பிக்கையில்ல. நடந்தது என்னன்னே தெரியாத பிள்ளை கிட்ட நாலு பழைய கடிதத்தைக் குடுத்து குரூப்பா டிஸ்கஸ் பண்ணுன்னா அது என்னத்த பண்ணும்? பதினஞ்சு நிமிஷம் நல்லா கோர்வையா, ஆளுங்க பேரோட, இடத்தோட, அடுத்து என்ன ஆகுமோங்கிற மாதிரி சொல்லத் தெரிஞ்ச டீச்சர் இருந்தா அது கிளாஸுக்கு வரம். என்ன, கதையை முடிவு வரைக்கும் சொல்லிடக் கூடாது, கேள்வி எங்க பிறக்குதோ அங்க நிறுத்திடணும்.

இந்த சண்டை ரொம்ப பழசு. இங்கிலாந்துல 1972-ல லீட்ஸ்ல ஒரு புது ஹிஸ்டரி பாடத்திட்ட முயற்சி ஆரம்பிச்சாங்க, 13 வயசுல இருந்து 16 வயசு வரைக்குமான பிள்ளைங்களுக்கு. ராஜா பேரு வரிசையை ஒப்பிக்கிறதுக்கு பதிலா, ஹிஸ்டரி எழுதுறவங்க ஆதாரத்தை எப்படி கையாளுறாங்கங்கிறதையே பாடமா வெச்சாங்க, டெனிஸ் ஷெமில்ட் அதை மதிப்பீடு பண்ணி 1980-ல அறிக்கை வெளியிட்டாரு. அது நிஜமாவே பெரிய மாற்றம். ஆனா போகப் போக பரீட்சை அதைப் பிடிச்சு நசுக்கிடுச்சு, மூணு வரி ஆவணம் ஒண்ணைக் குடுத்து "இது நம்பத்தகுந்ததா"ன்னு கேக்கிறது, பிள்ளை அந்த காலத்தைப் பத்தி எதுவுமே தெரியாம "எழுதினவர் ஒரு பக்கம் சாய்ஞ்சவர், அதனால நம்ப முடியாது"ன்னு எழுதி மார்க் வாங்குறது. எதிர்பக்கம் இருந்தவங்க இதைக் காட்டித்தான் பாத்தியா திறமை திறமைன்னு சொல்லி விஷயத்தையே விட்டுட்டீங்கன்னாங்க. என்னைக் கேட்டா ரெண்டு பக்கமும் பாதி சரி. விஷயம் தெரியாம யோசிக்க முடியாது, யோசிக்க ஒண்ணும் இல்லன்னா விஷயம் தங்காது.

அமெரிக்காவுல சாம் வைன்பர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1991-ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு, ஹிஸ்டரி சொல்லிக் குடுக்கிற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. 8 வரலாற்று ஆய்வாளர்கள், நல்லா படிக்கிற 8 பள்ளி மாணவர்கள், ரெண்டு குழுவுக்கும் ஒரே ஆவணங்களைக் குடுத்து சத்தமா யோசிச்சுக்கிட்டே படிக்கச் சொன்னாரு. அந்த ஆய்வாளர்கள்ல எல்லாரும் அமெரிக்க வரலாறு படிச்சவங்க இல்ல, சில தகவல்கள் மாணவர்களுக்கே கூட தெரிஞ்சிருந்துச்சு. ஆனா ஆய்வாளர்கள் ஆவணத்தை எடுத்ததும் கிட்டத்தட்ட எப்பவும் முதல்ல பாத்தது கீழ யார் பேரு இருக்கு, என்ன தேதின்னுதான், மாணவர்கள் பெரும்பாலும் மேல முதல் வரியில ஆரம்பிச்சு கடைசி வரியில முடிச்சாங்க. இன்னொண்ணு, அதுல ஒரு டெக்ஸ்ட் புக் பகுதியும் இருந்துச்சு, மாணவர்கள் அதைத்தான் ரொம்ப நம்பினாங்க, ஆய்வாளர்கள் அதை ரொம்ப கீழ தள்ளி வெச்சாங்க.

அந்த ஆவணங்கள் எதைப் பத்தின்னா, 1775 ஏப்ரல் 19 விடியக்காலை லெக்சிங்டன்ல நடந்த மோதல், அமெரிக்க விடுதலைப் போர் ஆரம்பிச்ச இடம். பிரிட்டிஷ் சிப்பாய்ங்க ஒரு பக்கம், ஊர்க்காரங்க துப்பாக்கியோட ஒரு பக்கம், யாரோ சுட்டாங்க, ஊர்க்காரங்கள்ல 8 பேர் செத்தாங்க. முதல்ல சுட்டது யாரு? இதை அப்படியே ஒரு பீரியடா நடத்தலாம். ஊர்க்காரங்க 34 பேர் சேர்ந்து ஆறு நாள் கழிச்சு, ஏப்ரல் 25-ம் தேதி சத்தியம் பண்ணி ஒரு வாக்குமூலம் குடுத்தாங்க, நாங்க திரும்பி கலைஞ்சு போகும்போதே முதுகுல சுட்டாங்கன்னு. ஜான் பார்க்கர் (Barker)ங்கிற பிரிட்டிஷ் லெப்டினன்ட் தன் டைரியில எழுதினது வேற, நாங்க கிட்ட போனப்போ அவங்கதான் ஒண்ணு ரெண்டு வேட்டு போட்டாங்க, அதுக்கப்புறம் எங்க ஆளுங்க உத்தரவே இல்லாம பாய்ஞ்சு சுட்டாங்கன்னு. இது ரெண்டு மட்டும் போதும், பத்து ஆவணம் வேணாம்.

பிள்ளைங்க முதல்ல சொல்றது ரெண்டு பேரும் அவங்கவங்க ஆளுங்களுக்கு சாதகமா சொல்றாங்க, அதனால ரெண்டையும் நம்ப முடியாதுன்னுதான். இந்த இடத்துல விட்டுட்டா பாடம் செத்துடும். பார்க்கர் தன் சொந்த ஆளுங்க உத்தரவில்லாம சுட்டாங்கன்னு ஒத்துக்கிறாரே, ஒரு ஆபீசர் ஏன் அப்படி எழுதணும்னு கேளுங்க. வாக்குமூலத்துல 34 பேரும் ஒரே மாதிரி சொல்றாங்களே, அது பலமா, இல்ல சந்தேகப்பட வேண்டிய விஷயமா? அப்புறம்தான் சுவாரஸ்யமான தகவலை எடுத்து வெளியில போடணும், அந்த வாக்குமூலங்களை குவெரோன்னு ஒரு வேகமான கப்பல்ல ஏத்தி அவசர அவசரமா லண்டனுக்கு அனுப்பினாங்க, பிரிட்டிஷ் தளபதியோட சொந்த அறிக்கை போய் சேர்றதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு வாரம் முன்னாடியே ஊர்க்காரங்க கதை லண்டன்ல பரவிடுச்சு. இப்போ அந்த வாக்குமூலம் முதல்ல சுட்டது யாருங்கிறதுக்கு சுமாரான ஆதாரம், ஆனா யாரை தங்க பக்கம் இழுக்க நினைச்சாங்க, முதல்ல சுட்டது யாருங்கிறது அவங்களுக்கு எவ்வளவு முக்கியமா இருந்துச்சுங்கிறதுக்கு முதல் தரமான ஆதாரம். சாய்வு இருக்கிறதாலயேதான் அது உபயோகப்படுது. கேள்வியை மாத்தினா ஆதாரத்தோட மதிப்பும் மாறும்னு பிள்ளைங்களுக்கு இங்கதான் புரியும்.

ஒரு சின்ன விஷயம், ஆவணத்தை முழுசா குடுக்கணும், ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு சில பேர் அடம் பிடிப்பாங்க. பழைய காலத்து நீள வாக்கியத்தைப் பாத்தாலே பாதி கிளாஸ் கை கழுவிடும். ஆறு ஏழு வரியா சுருக்குங்க, கஷ்டமான வார்த்தையை எளிமையாக்குங்க, மாத்தியிருக்குன்னு கீழ எழுதிடுங்க, மூலத்தோட ஒரு காப்பியை பக்கத்துல வெச்சா தீர்ந்துச்சு.

காரணங்கள் பத்தின பாடம் தனி. இங்கதான் பட்டியல் வியாதி ரொம்ப அதிகம், அரசியல் காரணம், பொருளாதாரக் காரணம், சமூகக் காரணம், உடனடிக் காரணம்னு எந்தப் புரட்சிக்கும் எந்தப் போருக்கும் ஒரே சட்டை. 1806 ஜூலை 10 வேலூர் சிப்பாய் புரட்சியை எடுத்துக்கோங்க. புது தலைப்பாகை போடணும், தாடியை எடுக்கணும், நெத்தியில குறி கூடாதுன்னு உத்தரவு, மறுத்தவங்களுக்கு கசையடி, கோட்டைக்குள்ளயே 1799-ல செத்துப்போன திப்புவோட பிள்ளைங்களை குடி வெச்சிருந்தாங்க, சிப்பாய்ங்களுக்கு ஏற்கனவே கம்பெனி மேல இருந்த மனக்குறை. இதை ஒவ்வொரு சீட்டுல எழுதி குரூப்புக்கு ஒரு செட் குடுத்து, ஒவ்வொரு சீட்டா எடுத்துட்டு "இது இல்லன்னா என்ன மாறியிருக்கும்"னு கேக்கச் சொல்லுங்க. தலைப்பாகை உத்தரவை எடுத்தா அந்த வருஷம் நடந்திருக்குமாங்கிறதே சந்தேகம். திப்பு குடும்பத்தை எடுத்தா நடந்திருக்கலாம், ஆனா கோட்டையில மைசூர் கொடி ஏறியிருக்காது. மனக்குறையை எடுத்தா தலைப்பாகை ஒரு முணுமுணுப்போட முடிஞ்சிருக்கலாம். ஆக ஒரு காரணம் நடக்குறதுக்கு, ஒரு காரணம் அந்த நேரத்துல நடக்குறதுக்கு, இன்னொண்ணு அந்த மாதிரி நடக்குறதுக்கு. பத்து காரணத்தை ஒப்பிக்கிற பிள்ளையை விட இந்த வித்தியாசத்தை மூணு காரணத்துல காட்டுற பிள்ளைக்கு ஹிஸ்டரி தெரியும்னு நான் சொல்லுவேன். கூடவே இதையும் சொல்லலாம், அந்த காலத்து அதிகாரிங்களே உடை உத்தரவா, மைசூர் குடும்பத்து சதியான்னு அடிச்சுக்கிட்டாங்க, உத்தரவு போட்டவங்களுக்கு எந்த பதில் சௌகரியம்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. கடைசியில சென்னை கவர்னர் பென்டிங்க், தளபதி கிராடக் ரெண்டு பேரையும் திரும்ப கூப்பிட்டுக்கிட்டாங்க.

பிள்ளைங்க கிட்ட இன்னொரு பழக்கம் உண்டு, பழைய காலத்து ஆளுங்கன்னா நம்மளை விட அறிவு கம்மின்னு நினைக்கிறது. பீட்டர் லீ, ராஸலின் ஆஷ்பி மாதிரி ஆய்வாளர்கள் இங்கிலாந்துல பிள்ளைங்க கூட பேசிப் பாத்தே இதை பதிவு பண்ணியிருக்காங்க. கருப்பு மரணம், அதாவது 14-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல பரவின பிளேக், அந்தப் பாடத்துல இது பளிச்சுன்னு தெரியும். 1348-ல பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் பிளேக்குக்கு காரணம் 1345-ல சனி, வியாழன், செவ்வாய் மூணும் கும்ப ராசியில சேர்ந்ததுதான்னு அறிக்கை குடுத்தாங்க. கிளாஸே சிரிக்கும். சிரிச்சு முடிக்கட்டும். அப்புறம் கேளுங்க, கிருமின்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது, கண்ணுக்கு தெரிஞ்சு எல்லா ஊர்லயும் சேர்ந்தாப்ல பரவுது, அப்போ காரணம் எல்லா ஊருக்கும் பொதுவா இருக்கிற ஒண்ணாத்தானே இருக்கணும், வானத்தை விட்டா எல்லாருக்கும் பொதுவா என்ன இருக்கு? அவங்க கையில இருந்த அறிவை வெச்சு பாத்தா அது முட்டாள்தனம் இல்ல, முறையான யோசனை. அதே காலத்து ஆளுங்கதான் 1377-ல, இப்போ துப்ரோவ்னிக்னு சொல்ற ரகூசா துறைமுகத்துல, நோய் உள்ள இடத்துல இருந்து வர்றவங்க 30 நாள் தனியா இருந்துட்டுதான் ஊருக்குள்ள வரணும்னு சட்டம் போட்டாங்க. கிருமியை யெர்சின் கண்டுபிடிச்சது 1894-ல. காரணம் தெரியாமலே வேலை செய்யுற வழியை 500 வருஷத்துக்கு முன்னாடியே பிடிச்சுட்டாங்க.

இதுக்காக "நீ ஒரு பிளேக் நோயாளின்னு நினைச்சு டைரி எழுது"ன்னு ஹோம்வொர்க் குடுக்காதீங்க. பிள்ளை 21-ம் நூற்றாண்டு மனசோட 14-ம் நூற்றாண்டு சட்டை போட்டுக்கும், அவ்வளவுதான். இனப்படுகொலை, அடிமை வியாபாரம் மாதிரி பாடங்கள்ல பிள்ளைங்களையே பாதிக்கப்பட்டவங்களாவும் கொடுமை பண்றவங்களாவும் நடிக்க விடுறது அதை விட மோசம், யாருக்கு எங்க வலிக்கும்னு நமக்கு தெரியாது, அந்த அனுபவத்துல கொஞ்சம் கூட நடிப்புல வரவும் வராது. பிழைச்சு வந்தவங்க சொன்ன சாட்சியத்தை மெதுவா, சேர்ந்து படிக்கிறது போதும்.

இவ்வளவும் பண்ணி அடுத்த மாசம் கேட்டா பிள்ளைக்கு எதுவும் ஞாபகம் இல்லன்னா என்ன பிரயோஜனம். 2006-ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் பண்ணின சோதனையில, ஒரு பகுதியை திரும்ப திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு நல்லா சொன்னாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு பாத்தா, படிச்சுட்டு புத்தகத்தை மூடி வெச்சு நினைவுல இருந்து எழுதிப் பாத்தவங்கதான் மேல. அதனால ஒவ்வொரு பீரியடும் முதல் அஞ்சு நிமிஷம் மார்க் இல்லாத நாலு கேள்வி, ஒண்ணு நேத்து பாடத்துல இருந்து, ஒண்ணு போன மாசத்துல இருந்து, ஒண்ணு போன வருஷத்துல இருந்து, கடைசி ஒண்ணு இன்னைக்கு பாடத்துக்கு தேவைப்படப் போற பழைய விஷயம். வருஷத்தையும் பேரையும் இங்க தாராளமா கேக்கலாம்.

எதார்த்தத்துக்கு வருவோம். சிலபஸ் மலை மாதிரி இருக்கு, கிளாஸ்ல கூட்டம், வாரத்துக்கு கிடைக்கிறது மூணு பீரியடு, இதுல ஒரு கேள்விக்கு நாலு பீரியடான்னு கேட்டா நியாயம்தான். எல்லா பாடத்தையும் இப்படி எடுக்க முடியாது, எடுக்கவும் வேணாம். ஒரு டேர்முக்கு ரெண்டு பாடத்தை ஆழமா எடுத்துட்டு மீதியை வேகமா, கதையா, டைம்லைனோட ஓட்டிடலாம். ஓட்டுற பாடத்துலயும் டெக்ஸ்ட் புக்கையே ஆவணமா வெச்சுக்கலாம், அதுல "அநேகமா", "இருக்கலாம்" மாதிரி வார்த்தையே இருக்காது, எழுதினவர் யாருன்னு தெரியாது, எல்லாம் அடிச்சு சொன்ன மாதிரி இருக்கும். இந்த வாக்கியம் இவங்களுக்கு எப்படி தெரியும், எந்த ஆதாரம் இருந்தா இதை எழுத முடியும்னு ஒரு பாராவுக்கு கேட்டா பத்து நிமிஷம் கூட ஆகாது.

எழுதுறதுதான் பெரும்பாலும் அம்போன்னு விடப்படுற இடம். நல்லா பேசின பிள்ளை பேப்பர்ல பாயிண்ட் பாயிண்டா போட்டுட்டு போயிடும், ஏன்னா எழுத யாரும் சொல்லிக் குடுக்கல. ஒரு பாராவை போர்டுல சேர்ந்து எழுதுங்க. முதல் வரி கேள்விக்கான பதில், ராஜா தலை போனதுக்கு 1791 ஓட்டம்தான் பெரிய காரணம்னு. அடுத்து ஆதாரம், அவரு விட்டுட்டுப் போன அறிக்கை. அடுத்து அது எப்படி மத்த காரணத்தோட சேருது, போர் வந்ததும் ராஜா எதிரியோட சேர்ந்துட்டாருங்கிற சந்தேகத்துக்கு ஏன் ஈஸியா ஆள் கிடைச்சாங்கன்னு. கடைசியா, எதிர்த்துப் பேசுற ஆள் என்ன சொல்லுவாரு, ஓட்டத்துக்கு அப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல ராஜாவாவே வெச்சிருந்தாங்களேன்னு. பொதுத் தேர்வுல "காரணங்களை விவரி"ன்னே வந்தாலும் இந்த பாராவை எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்கு அந்த பதில் கஷ்டம் இல்ல, மேல ஒரு வரி கூட்டணும், எதிர்வாதத்தை கொஞ்சம் குறைக்கணும். திருத்தும்போது எல்லா பேப்பர்லயும் எல்லாத்தையும் சிவப்பு மையில சுழிக்காம, இந்த தடவை அந்த மூணாவது வரி வந்திருக்கான்னு மட்டும் பாருங்க, வராதவங்க எத்தனை பேர்னு பாத்தா அடுத்த பீரியடை எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சிடும்.